உயிரியல் பட்டத்திற்குப் பின் எந்த வழி?

கடந்த தீபாவளியன்று சித்தி வீட்டில் முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டே சித்தி கேட்டார்: "உயிரியலா படிக்கிற? டாக்டர் சீட்டு கிடைக்கலையாம்மா?" கூடத்தில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். "இல்ல சித்தி, நானே விரும்பி எடுத்ததுதான்" என்றேன்.

அது முழு உண்மையன்று. மெட்ரிகுலேசி முடித்து யு.பி.யூ. விண்ணப்பம் நிரப்பியபோது முதல் இடத்தில் மருத்துவம், அடுத்துப் பல்மருத்துவம், அதற்கடுத்து மருந்தாக்கவியல் என்றுதான் எழுதினேன். உயிரியல் ஐந்தாவது இடத்தில் இருந்தது. கிடைத்ததும் அதுதான். எங்கள் வகுப்பில் உள்ள தமிழ் மாணவர்கள் எல்லோரிடமும் தனித்தனியே கேட்டுப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலோர் கதை இதுவே. இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பழைய ஏமாற்றம் இறுதியாண்டில் மீண்டும் தலைதூக்குகிறது. "முதுகலையாவது முடித்துவிடலாம், முனைவராகிவிட்டால் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாம்" என்று பலர் நினைக்கிறோம். எந்த முதுகலை, எப்படிப்பட்ட முதுகலை, யார் செலவில் என்று கேட்பதில்லை.

கடந்த ஆறு மாதங்களாக இதைத்தான் கேட்டுக்கொண்டு திரிந்தேன். விரிவுரையாளர்களிடம், உயர்கல்வி அலுவலகத்தில், பேரவையின் முன்னாள் மாணவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். மலாயாப் பல்கலைக்கழக அறிவியல் புலத்தின் உயிரியல் கழகத்தை வைத்தே பேசுகிறேன். நான் படிக்கும் இடமும் நான் அறிந்த இடமும் அதுதான். பாங்கி, செர்டாங், பினாங்கு எனப் பிற பொதுப் பல்கலைக்கழகங்களிலும் அடிப்படை விதிகள் ஏறக்குறைய ஒன்றே. மலேசியத் தகுதி முகவாண்மையான எம்.கியூ.ஏ. வகுத்த தரங்களையே எல்லாரும் பின்பற்றுகிறார்கள்.

முதுகலைப் பட்டம் என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பிடுவது உண்மையில் மூன்று வேறு படிப்புகள். (அறிவியலுக்கு 'முதுகலை' என்று சொல்லலாமா, 'முதுநிலை' என்பதுதானே சரி என்று பேரவைக் கூட்டத்தில் ஒருமுறை அரை மணி நேரம் வாதிட்டோம். முடிவு காணவில்லை. மக்கள் வழக்கில் இருப்பதையே இங்கு எழுதுகிறேன்.)

முதலாவது பாடநெறி வழி. வகுப்புக்குப் போக வேண்டும், தேர்வு எழுத வேண்டும், இறுதியில் சிறியதோர் ஆய்வுத் திட்டம் செய்ய வேண்டும். குறைந்தது 40 கிரெடிட். முழுநேரமாகப் படித்தால் ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டுக்குள் முடித்துவிடலாம். உயிரித்தொழில்நுட்பம் போன்ற துறைகள் இம்முறையில் உண்டு. இரண்டாவது கலப்பு முறை. இதற்கும் 40 கிரெடிட்தான், ஆனால் அதில் பாதியோ அதற்கு மேலோ ஆய்வேட்டுக்குரியது. மூன்றாவது ஆய்வு வழி. இதில் கிரெடிட் கணக்கே இல்லை. ஆய்வு நெறிமுறை பற்றிய வகுப்பு ஒன்றிரண்டு இருக்கலாம். மற்றபடி ஒரு கேள்வி, ஒரு மேற்பார்வையாளர், ஓர் ஆய்வுக்கூடம், இறுதியில் ஓர் ஆய்வேடு. தேர்வாளர்கள் அந்த ஆய்வேட்டைப் படித்துத் தீர்ப்புச் சொல்வார்கள்.

நுழைவுத் தகுதியில் தேசிய அளவில் குறைந்தபட்சமாக வைத்திருப்பது பாடநெறி வழிக்குச் சராசரித் தரப்புள்ளி 2.50, ஆய்வு வழிக்கு 2.75. பல்கலைக்கழகங்கள் இதைவிட உயர்த்தி வைத்துக்கொள்ளலாம். 3.00-க்கு மேல் வைத்திருப்பவருக்குக் கதவு எளிதில் திறக்கும். 3.67-உம் அதற்கு மேலும் எடுத்தவர், முதுகலை செய்யாமலே நேராக முனைவர் பட்டத்திற்கு விண்ணப்பிக்க வழி உண்டு. ஆய்வு வழி முதுகலையில் சேர்ந்தவர், ஆய்வு நன்றாகப் போனால் ஓராண்டுக்குள் அதையே முனைவர் பட்ட ஆய்வாக மாற்றக் கோரலாம். இது எனக்குத் தெரியாமலே இருந்தது. பாடநெறி வழியில் போனவருக்கு இந்த மாற்றம் இல்லை. அவர் படித்ததில் ஆய்வுப் பகுதியே இல்லையென்றால், பிறகு முனைவர் பட்டத்திற்கு வரும்போது ஆய்வு நெறிமுறைப் பாடத்தைத் தனியே படித்துத் தேற வேண்டும்.

ஆக, ஓராண்டில் பட்டம் வாங்கி வேலைக்குப் போக நினைப்பவருக்குப் பாடநெறி வழி ஏற்றது. விரிவுரையாளராகவோ ஆய்வாளராகவோ வர நினைப்பவருக்கு அது சுற்றுவழி. இவ்வளவும் விண்ணப்பக் கையேட்டிலேயே இருக்கிறது. ஆனால் ஆய்வு என்றால் என்ன என்பது கையேட்டில் இல்லை. அதற்கு நான் எங்கள் ஊர்க் கதைக்குப் போக வேண்டும்.

நான் போர்ட்டிக்சன் பக்கத்துப் பெண். நான் பிறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1998-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போவை ஒட்டிய பன்றிப் பண்ணைகளில் ஒரு மூளைக்காய்ச்சல் தோன்றியது. பின்னர் அது எங்கள் மாவட்டத்துப் புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்திற்குப் பரவியது. பாட்டி இன்றும் சொல்வார்: "மொதல்ல கொசுன்னாங்க. தெருத்தெருவா பொகை அடிச்சாங்க. ஊசி போட்டாங்க. அப்பறம் ஒருநாள் ராணுவமே வந்துருச்சு பன்றி சுட."

பாட்டி சொல்வது சரிதான். தொடக்கத்தில் அதைக் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதினார்கள். ஆனால் சில விவரங்கள் அதற்குப் பொருந்தவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்குவது. இங்கு நோயுற்றவர்களோ வளர்ந்த ஆண்கள், அதிலும் பன்றிகளைத் தொட்டு வேலை செய்தவர்கள். தடுப்பூசி போட்டவர்களுக்கும் நோய் வந்தது. கொசு காரணம் என்றால் அதே வீட்டில் உறங்கிய மற்றவர்களையும் கடித்திருக்க வேண்டுமல்லவா?

அப்போது மலாயாப் பல்கலைக்கழகத்தில் நச்சுயிரியலில் மேற்பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தவர் டாக்டர் சுவா காவ் பிங். 1999-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நோயாளி ஒருவரின் மாதிரியிலிருந்து அவர் வளர்த்தெடுத்த நச்சுயிரி, எதிர்பார்த்த எதையும் ஒத்திருக்கவில்லை. அதை அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள ஃபோர்ட் காலின்ஸ் ஆய்வகத்திற்குக் கொண்டு போனார். மின்னணு நுண்ணோக்கியில் தெரிந்தது முற்றிலும் வேறு குடும்பத்து நச்சுயிரி. சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அதற்கு நிப்பா நச்சுயிரி என்று பெயரிட்டார்கள். நோய்த்தொற்று ஓய்ந்தபோது மலேசியாவில் 265 பேர் நோயுற்றிருந்தனர், 105 பேர் இறந்திருந்தனர். பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. காரணம் தெரிந்தபின்தான் கட்டுப்பாடு சரியான இடத்தில் விழுந்தது.

கதை அங்கே முடியவில்லை. பன்றிக்கு அந்த நச்சுயிரி எங்கிருந்து வந்தது? பழந்தின்னி வௌவால்கள் மேல் ஐயம் எழுந்தது. வௌவாலிடமிருந்து நச்சுயிரியை எடுப்பது எப்படி? ஆய்வுக் குழுவினர் தியோமான் தீவில் வௌவால்கள் தொங்கும் மரங்களுக்கு அடியில் நெகிழித் தாள்களை விரித்து, விழும் சிறுநீரைச் சேகரித்தார்கள். வௌவால் கடித்துப் போட்ட பழங்களையும் எடுத்தார்கள். 2002-ஆம் ஆண்டு வெளியான அவர்களது கட்டுரையின்படி, சிறுநீரிலும் பாதி தின்ற ஜம்பு பழமொன்றிலும் அதே நச்சுயிரி கிடைத்தது.

இதை நான் முதன்முதலில் ஒரு விரிவுரையில் கேட்டேன். பாட்டி சொன்ன கதையின் மறுபாதி அது. பாடநெறி வழியில் 'நிப்பா நச்சுயிரியின் இயற்கை உறைவிடம் பழந்தின்னி வௌவால்' என்று ஒரு வரியில் படித்துத் தேர்வில் எழுதிவிடலாம். அந்த ஒரு வரியை உருவாக்குவதற்கு யாரோ மரத்தடியில் நெகிழித் தாளோடு காத்திருக்க வேண்டும். இரண்டும் வேண்டியவைதாம், ஒன்று உயர்ந்தது மற்றது தாழ்ந்தது என்று சொல்லவில்லை. ஆனால் அவை ஒரே படிப்பல்ல. ஆறு மாதங்கள் விடையே வராமல் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும் மனம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஆய்வு வழியில் காலை வைக்க வேண்டும்.

எனக்கு அந்த மனம் உண்டா என்று சோதித்தது என் இறுதியாண்டுத் திட்டம்தான். பத்துமலையில் 272 படிகளைத் தைப்பூசத்தன்று ஏறாத தமிழர் நம்மில் குறைவு. அந்தக் குன்றின் குகைகளில் தேனுண்ணும் வௌவால்கள் வாழ்கின்றன. பெட்டாய், டுரியான், கடலோரக் கண்டல் காட்டு மரங்கள் ஆகியவற்றின் பூக்களைத் தேடி அவை இரவில் நெடுந்தூரம் பறக்கின்றன. 1970-களிலேயே ஆய்வாளர்கள் இவ்வௌவால்களின் எச்சத்தில் உள்ள மகரந்தத்தைப் பார்த்து, அவை எங்கெங்கே போகின்றன என்று கணித்திருக்கிறார்கள். பத்துமலையிலிருந்து ஏறக்குறைய 38 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கண்டல் மரத்தின் மகரந்தமும் அதில் இருந்தது. அண்மைக் காலத்தில் எச்சத்திலிருந்து மரபணுவையே பிரித்தெடுத்து, என்ன தின்றன என்று அறிகிறார்கள்.

நான் செய்தது மிக எளிய வேலை. மேற்பார்வையாளர் பெற்ற அனுமதியின் பேரில் எச்சம் சேகரித்து, ஆய்வுக்கூடத்தில் கழுவி, கண்ணாடித் தகட்டில் வைத்து மகரந்தத்தை எண்ணினேன். 42 மாதிரிகள். முதல் மாதம் எல்லா மகரந்தமும் ஒன்றுபோலத் தெரிந்தது. உடையில் ஏறிய நாற்றம் போகவில்லை; அறைத்தோழி சன்னல் பக்கக் கட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பத்தொன்பதாவது மாதிரியில் ஒரு மகரந்தம், எங்கள் பட்டியலில் எதனோடும் பொருந்தவில்லை. மூன்று வாரம் தேடினேன். கடைசியில் அது ஒரு சாதாரண வாழை. ஆனால் அந்த மூன்று வாரமும் நான் மருத்துவம் கிடைக்காததை ஒருமுறைகூட நினைக்கவில்லை. இதை விடுதியில் கட்டிலில் படுத்திருந்தபோதுதான் உணர்ந்தேன்.

சரி, மனம் இருந்தால் போதுமா? பணம்? இங்கேதான் நம் மாணவர்கள் பலர் சறுக்குகிறார்கள். நான் நெருக்கமாக அறிந்த ஓர் அக்கா வேறொரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு வழி முதுகலையில் சேர்ந்தார். கெட்டிக்காரர். 'முதலில் பதிந்துகொள், மானியம் பிறகு வரும்' என்று அவருக்குச் சொல்லப்பட்டது. மானியம் வரவில்லை. ஆய்வுக்கூடத்திற்குத் தேவையான இரசாயனப் பொருள்களில் சிலவற்றை டியூஷன் கொடுத்துச் சம்பாதித்த பணத்தில் வாங்கினார். இரண்டாம் ஆண்டில் மேற்பார்வையாளர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். புதிய மேற்பார்வையாளரின் துறை வேறு. இரண்டரை ஆண்டுக்குப் பிறகு பட்டமில்லாமல் வெளியேறினார். இப்போது மருத்துவக் கருவிகள் விற்கும் நிறுவனத்தில் நல்ல வேலையில் இருக்கிறார். ஆனால் அந்த இரண்டரை ஆண்டைப் பற்றிக் கேட்டால், "அதைக் கேக்காதே தங்கச்சி, உன் மேற்பார்வையாளர்கிட்ட என்ன கேக்கணும்னு கேளு, சொல்றேன்" என்றார்.

அவர் சொன்னவற்றை என் குறிப்பேட்டிலிருந்து தருகிறேன். மானியம் கையில் இருக்கிறதா, விண்ணப்ப நிலையில் இருக்கிறதா என்று முதலில் கேள். கையில் இருக்கிறது என்றால் எந்த மாதம் முடிகிறது என்று கேள். உயர்கல்வி அமைச்சின் எஃப்.ஆர்.ஜி.எஸ். எனப்படும் அடிப்படை ஆய்வு மானியம் பொதுவாக இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்குத் தரப்படுவது. அதைப் பெறும் விரிவுரையாளர், அந்த மானியத்தின்கீழ் மேற்பட்ட மாணவரை உருவாக்கிக் காட்ட வேண்டும். அதனால்தான் மானியம் கிடைத்த கையோடு அவர்கள் மாணவரைத் தேடுகிறார்கள். அந்த நேரத்தில் போய் நிற்பவருக்கு ஆய்வு உதவியாளர் படித்தொகை கிடைக்கும். மானியம் முடிய ஆறு மாதமே இருக்கும்போது போய் நிற்பவருக்கு இன்முகமும் தேநீரும்தான் கிடைக்கும். அடுத்து, அவரிடம் இப்போது எத்தனை மாணவர்கள் இருக்கிறார்கள், முன்பு சேர்ந்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள் என்று கேள். இதை அவரிடம் கேட்பதைவிட அவருடைய மாணவர்களிடம் சிற்றுண்டிச்சாலையில் கேட்பது நல்லது. இணை மேற்பார்வையாளர் உண்டா என்று கேள். அவர் விரைவில் பணி ஓய்வு பெறப் போகிறாரா என்பதை மட்டும் கேட்காதே, நீயே கண்டுபிடி.

அரசாங்க உதவித் திட்டங்களைப் பற்றியும் ஒரு சொல். 2023-ஆம் ஆண்டுக்குள் 60,000 முனைவர்களை உருவாக்கும் இலக்கோடு மைபிரெயின்15 என்ற திட்டம் வந்தது. பல மூத்த மாணவர்கள் அதனால்தான் படித்தார்கள். பிறகு அது நின்றுபோய், இடையில் சேர்ந்தவர்கள் தவித்தார்கள். இப்படிப்பட்ட திட்டங்கள் வரவு செலவுத் திட்டத்துக்கு ஏற்ப வரும், போகும். வரும்போது விண்ணப்பிப்போம், ஆனால் வரும் என்று நம்பிப் பதிந்துகொள்ள வேண்டாம். பி.டி.பி.டி.என். கடன் வைத்திருப்பவர்கள், படிப்பைத் தொடரும் காலத்தில் திருப்பிச் செலுத்துவதைத் தள்ளிவைக்கக் கோரலாம். கோரிக்கையை நாமேதான் அனுப்ப வேண்டும், தானாக நடக்காது.

படித்து முடித்த பிறகு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: கெப்போங்கில் உள்ள வனவியல் ஆய்வுக் கழகம், 1900-ஆம் ஆண்டில் தொடங்கிய மருத்துவ ஆய்வுக் கழகம், வேளாண் ஆய்வுக்கான மார்டி, செம்பனை வாரியம் என்று ஆய்வு நிறுவனங்கள் பல உண்டு. செம்பனையின் மரபணுத் தொகுதியைப் படித்து 2013-ஆம் ஆண்டு உலகுக்கு அறிவித்த குழுவுக்குத் தலைமையேற்றது நம் செம்பனை வாரியம். நம் தாத்தாக்கள் குலை வெட்டிய மரம், பாட்டிகள் உதிரிப் பழம் பொறுக்கிய மரம் அது. அதன் மரபணுவைப் படிக்கும் இடத்தில் நம் பிள்ளைகள் இன்னும் கூடுதலாக இருக்கலாமே என்று எனக்கு ஒரு ஆசை உண்டு. தனியார் துறையில் பரிசோதனைக் கூடங்களும் சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்களும் இருக்கின்றன. இவற்றில் பலவற்றுக்கு முதல் பட்டமே போதும், முதுகலை கட்டாயமில்லை. இதையும் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்.

மொழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு அறிவியலைத் தமிழில் படித்தேன். மகரந்தச் சேர்க்கை என்ற சொல் எனக்கு அங்கே கிடைத்தது. தேசிய இடைநிலைப்பள்ளியில் அது 'பெண்டெபுங்காஆன்' ஆனது. பல்கலைக்கழகத்தில் 'பாலினேஷன்'. மூன்று முறை ஒரே பாடத்தைப் புதிதாகக் கற்றதுபோல இருந்தது. மூன்றாம் முறை கொஞ்சம் அழுதேன். மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டின் சுருக்கத்தை மலாயிலும் ஆங்கிலத்திலும் தர வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் தடுமாறாமல் எழுதும் சிலர் மலாய்ச் சுருக்கத்தில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். நமக்கு அந்தத் திணறல் இல்லை. ஆங்கிலம்தான் பயிற்சி வேண்டும். அதற்கு நான் கண்ட வழி, வாரம் ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்து, அதைத் தமிழில் பாட்டிக்குச் சொல்வதுபோல எழுதிப் பார்ப்பது. தமிழில் சொல்ல முடியாத இடத்தில்தான் எனக்கு உண்மையில் விளங்கவில்லை என்று தெரிகிறது.

என் நிலைமை இப்போது இது. அப்பா லோரி ஓட்டுகிறார். தம்பி ஐந்தாம் படிவம். நான் முதுகலை பற்றிப் பேசத் தொடங்கியதும் அப்பா, ஊழியர் சேமநிதியிலிருந்து கல்விக்காகப் பணம் எடுக்கலாமாம், விசாரித்துவிட்டேன், ஓராண்டுப் படிப்பென்றால் தாங்கும் என்றார். பாடநெறி வழி உயிரித்தொழில்நுட்பம் அந்தக் கணக்குக்குப் பொருந்தும். அதே வாரத்தில் என் மேற்பார்வையாளர், தம்முடைய புதிய மானியத்தில் ஒரு மாணவருக்கு இடம் இருப்பதாகச் சொன்னார். வௌவால் எச்சத்தில் மரபணு ஆய்வு, ஆய்வு வழி, இரண்டு ஆண்டு, மாதப் படித்தொகை. அக்கா சொன்ன கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். மானியம் கையில் இருக்கிறது, முப்பத்தாறு மாதங்களில் நான்கு மாதம்தான் கழிந்திருக்கிறது. இணை மேற்பார்வையாளர் உண்டு. முன்னாள் மாணவர் இருவர் இரண்டரை ஆண்டில் முடித்திருக்கிறார்கள், ஒருவர் மூன்றரை. அவர் முகம் சுளிக்கவில்லை. "இதையெல்லாம் கேட்டுவிட்டு வருகிற மாணவர்தான் வேண்டும்" என்றார்.

சேமநிதிப் பணம் தம்பிக்கு இருக்கட்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். இரண்டு ஆண்டு வௌவால் எச்சமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நிப்பா காலத்தில் பன்றிப் பண்ணைச் சாலையில் லோரி ஓட்டக்கூடாதென்று தடுத்து நிறுத்தப்பட்டதை அவர் எனக்குச் சொன்னது அன்றுதான். அந்த நாட்களில் அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை, உதவியாளாகத்தான் போய்க்கொண்டிருந்தாராம். பிறகு கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

"அந்த வௌவாலெல்லாம் எத்தனை மணிக்குக் குகையை விட்டுக் கெளம்பும்?"

"ஏழரை வாக்கில்பா. இருட்டுற நேரம்."

"சனிக்கிழமை எனக்கு ஓட்டம் இல்ல. நானும் வந்து பாக்கறேன்."

விண்ணப்பத்தை அடுத்த வாரம் கொடுக்கிறேன்.